டிஸ் டப்பா

உடம்பு சரியில்லை என்று எங்கள் பிளாக்கில் யாரும் என் அத்தையிடம் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. படிக்கட்டிலேயே நிறுத்திக் கேட்பாள்.

"சரியில்லன்னா இன்னா சரியில்ல? முழுங்க முடியலயா? மூச்சு வாங்குதா? ஒண்ணுக்குப் போனா எரியுதா? ஒயுங்கா சொல்லு."

அவர்கள் சொன்னதும் கொஞ்ச நேரம் சுவரைப் பார்ப்பாள். பிறகு ஒரு இங்கிலீஷ் வார்த்தை வரும். டிஸ்யூரியா. டிஸ்பெப்சியா. டிஸ்ஃபேஜியா. மார்க்கெட்டில் மீன் பேர் சொல்வது போலத்தான் சொல்வாள், அலட்டிக்கொள்ள மாட்டாள்.

"போயி டாக்டர்கிட்ட இத்த சொல்லு. போதும்."

அத்தை படித்தது ஐந்தாவது வரை. நான் ஒன்பதாவது பாதியில் நின்றவள். அவள் என் அப்பாவின் தங்கை. கல்யாணம் என்று ஒன்று நடந்து, எட்டு மாதத்தில் பெட்டியோடு திரும்பி வந்தவள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு, சைதாப்பேட்டை ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடியில் அவளும் நானும்தான். நான் தி.நகரில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறேன். வேலை செய்கிறேன் என்று சொல்வதைவிட நிற்கிறேன் என்று சொல்வதுதான் சரி. காலையில் பத்து மணிக்கு நின்றால் ராத்திரிதான் உட்காருவேன். அத்தைக்கு அட்டெண்டர் வேலை. படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்வது. குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, புண் வராமல் திருப்பித் திருப்பிப் படுக்க வைப்பது. முதலில் அடையாறில் ஒரு அம்மா. அந்த அம்மா இறந்த பிறகு அபிராமபுரத்தில் ஒரு சார். அந்த வார்த்தைகள் எல்லாம் சார் வீட்டிலிருந்து வந்தவை.

சார் காலேஜில் இங்கிலீஷ் எடுத்து ரிட்டயர் ஆனவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சு முழுசாகப் போகவில்லை. வாய் நிறையக் கூழாங்கல் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி வந்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்து பூனை படத்தைக் காட்டி இது என்ன, சொல்லுங்க தாத்தா என்று கேட்டிருக்கிறாள். சார் பூனையைப் பார்க்கவில்லை, ஃபேனைப் பார்த்தார். நாலு நாள் இதே கதை. ஐந்தாவது நாள் அந்தப் பெண் வரவில்லை.

அந்த வாரம்தான் அத்தை கட்டிலுக்கு அடியில் துடைக்கும்போது ஒரு செருப்பு டப்பாவை இழுத்தாள். உள்ளே பூராவும் அட்டைகள்.

சார் நன்றாக இருந்த காலத்தில் சேர்த்தவை அவை. கிரேக்க மொழியிலிருந்து இங்கிலீஷுக்கு வந்து, வார்த்தைக்கு முன்னால் ஒட்டிக்கொள்கிற சின்னச் சின்னத் துண்டுகள் உண்டாம். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு டப்பா வைத்திருந்தார். அந்தத் துண்டில் ஆரம்பிக்கிற வார்த்தை எதைப் படித்தாலும் ஒரு அட்டை எழுதி அந்த டப்பாவில் போடுவார். டாக்டர் வார்த்தை, விஞ்ஞான வார்த்தை, எந்தக் காலத்திலோ பேசி விட்டுப்போன வார்த்தை. மேலே இங்கிலீஷ், கீழே தமிழில் அர்த்தம். இப்போது யாரும் பேசாத வார்த்தையாக இருந்தால் மூலையில் சிவப்பு வட்டம். மொத்தம் எட்டு டப்பா இருந்தன. சார் விழுந்த முதல் மாதம், ஆஸ்பத்திரிக் கட்டில் போட இடம் வேண்டும் என்று சாரின் மனைவி, மாமி, எல்லாவற்றையும் பழைய பேப்பர் கடையில் போடச் சொன்னார். தூக்கிக்கொண்டு போய்ப் போட்டது அத்தைதான். அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்த இந்த ஒன்று மட்டும் தப்பித்து, கட்டிலுக்கு அடியில் வந்து சேர்ந்திருக்கிறது. மூடியில் பெரிதாக மூன்று எழுத்து. டி, ஒய், எஸ்.

மாமிக்கு அதில் ரொம்ப வருத்தம்.

"டிஸ்னு வந்தா கஷ்டம்னு அர்த்தம்டி. யூன்னு ஒரு டப்பா இருந்துது, அதுல பூரா நல்ல வார்த்தை. அதப் போட்டுட்டு இதக் கட்டிண்டிருக்கோம் பாரு. இந்த ஆத்துக்குன்னு வந்து வாய்ச்சுதே."

அத்தை ஒரு அட்டையை எடுத்துச் சார் முகத்துக்கு நேரே பிடித்தாள். சார் ஃபேனிலிருந்து கண்ணை இறக்கினார்.

அதன் பிறகு தினமும் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் இருபது அட்டை. மாமி ஒரு தடவை படித்துச் சொல்வார். அத்தை அதைப் பலமாகத் திருப்பிச் சொல்வாள். அப்புறம் அட்டையை இறக்காமல் காத்திருப்பாள். ஒரு லீவு நாளில் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது நானே பார்த்தேன். சாருக்கு வாய் ஒரு பக்கம் இழுத்தது, எச்சில் சட்டையில் வழிந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. "டி... டி..." என்றார். மாமியால் பார்க்க முடியவில்லை.

"போறும், விடுடி. கஷ்டப்படறார்."

"கஷ்டப்படுறாருன்னா வருதுன்னு அர்த்தம் மாமி. வராதவன் இன்னாத்துக்கு கஷ்டப்படப் போறான்? இருங்க."

இடது கையால் எச்சிலைத் துடைத்தாள். வலது கை அட்டையோடு அப்படியே இருந்தது. எனக்கே கை வலித்தது. ரொம்ப நேரம் கழித்துச் சார் அந்த வார்த்தையைச் சொன்னார். கோணல்மாணலாகத்தான் வந்தது. ஆனால் அந்த வார்த்தைதான்.

அவளுக்கு டிஸ் மேல் பயம் இல்லாமல் போனது இப்படித்தான். சோறு சாப்பிடும்போது எனக்கே விளக்குவாள். "டிஸ்ஃபேஜியான்னா முழுங்க கஷ்டப்படுறது. அப்போ முழுங்குறான்டீ! முழுங்கவே இல்லன்னா அதுக்கு வேற பேரு வெச்சிருப்பாங்க. டிஸ் கீதுன்னா வேல நடக்குது, கஷ்டத்தோட நடக்குது, அவ்ளோதான்."

சிவப்பு வட்டம் போட்ட வார்த்தைகள் மேல் அவளுக்குத் தனிப் பாசம். அவற்றைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவருவாள். இரண்டாவது மாடி மருமகள் ஒருநாள் வந்து, மாமியாரைப் பார்த்தாலே வயிற்றைப் புரட்டுகிறது என்றாள்.

"சாப்புடறப்பவா, சும்மா இருக்கறப்பவா?"

"அந்த பொம்பளய பாக்கறப்போ."

அத்தை சுவரைப் பார்த்தாள். "டிஸ்பதி."

"ஐயோ! மாத்திர கீதா?"

"அந்தக் காலத்து சீக்கு. ஒருத்தர ஒருத்தருக்கு ஆவாது. செவப்பு வட்டம், மாத்திரல்லாம் நின்னு போச்சு. உன் மாமியாருக்கும் அதான். போயி கேளு."

அவள் போய்க் கேட்டிருக்கிறாள். சாயங்காலம் மாமியாரே மேலே ஏறி வந்து, தனக்கும் அந்த வார்த்தையைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கச் சொன்னார். ஒரே வார்த்தை எழுதின சீட்டு இரண்டு பேரிடமும் இருந்தது. சண்டை நிற்கவில்லை. ஆனால் சண்டை போடும்போது நடுவில் யாராவது ஒருத்தி "டிஸ்பதி வந்துருச்சு" என்று சொல்லிச் சிரித்துவிடுவாள்.

எல்லாரும் வேலைக்குப் போன பிறகு பத்தரை மணிக்குத்தான் தண்ணி டோக்கன் கொடுப்பேன் என்று லாரிக்காரர் சொன்னபோதும் ஒரு சிவப்பு வட்டம் வந்தது. "டிஸ்நமி. கேடுகெட்ட சட்டம்." லாரிக்காரர் பயந்துவிட்டார். "எனக்கா சீக்கு?" "உனக்கில்ல நைனா. உன்ன அனுப்புனவனுக்கு."

சிரிக்கிற கதைகள் மட்டும் இல்லை. கீழ்வீட்டு மீன்கார அக்காவின் புருஷன் இரண்டு மாதமாகச் சோற்றைத் தள்ளித் தள்ளி வைத்தார். பசி இல்லை, வெயில் என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தை ஒருநாள் குழாயடியில் அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டாள். "பசி இல்லாம இல்ல. டிஸ்ஃபேஜியா. இன்னிக்கே இட்டுனு போ."

மீன்கார அக்கா குடத்தைக் கீழே போட்டாள். "எங்க வூட்டு சோத்த நீ இன்னாத்துக்கு எண்ணுற?"

"சோத்த எண்ணல. தண்ணி குடிக்கறப்போ கழுத்த சாய்க்கிறாரு. அத்த பாத்தேன்."

இரண்டு மாதம் பேச்சில்லை. எனக்கு அத்தை மேல் கோபம் கோபமாக வந்தது. வீட்டுக்குள் கூப்பிட்டுக் காதில் சொல்லியிருக்கக்கூடாதா? அடுத்தவர் பயத்தை எடுத்து வெளியே கொடியில் காயப் போடுகிற மாதிரி இருந்தது எனக்கு. கேட்டதற்கு, "பேர் சொல்லாம மூடி வெச்சா அழுவிப் போயிடும்டீ" என்றாள். பிறகு மீன்கார அக்கா ஒருநாள் வஞ்சிரத் தலை ஒன்றை எங்கள் வாசலில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனாள். அவள் புருஷன் இப்போது இட்லி சாப்பிடுகிறார்.

இதெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரிச் சீட்டு எது கைக்கு வந்தாலும் முதலில் அந்த மூன்று எழுத்தைத் தேடுவேன். இருந்தால் கஷ்டம். இல்லையென்றால் ஒன்றும் இல்லை. யாரும் எனக்கு இப்படிச் சொல்லித்தரவில்லை. நானாகச் செய்துகொண்ட கணக்கு.

போன வருஷம் அத்தைக்கு முதுகு வலி வந்தது. ஜாக்கெட் தொளதொளவென்று ஆனது. பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு வந்து காட்டச் சொன்னார்கள். கடையில் சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய் நான்தான் வாங்கினேன். பனகல் பார்க் பஸ் ஸ்டாப்பில் நின்று படித்தேன். இரண்டு பக்கம். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து நகர்த்தினேன். டிஸ் இல்லை. மறுபடியும் மேலேயிருந்து ஆரம்பித்தேன். இல்லவே இல்லை. பெரிது பெரிதாக வேறு வார்த்தைகள் இருந்தன. அவை என் கண்ணில் படவே இல்லை.

அரைக் கிலோ லட்டு வாங்கினேன். மூன்றாவது மாடியில் எல்லா வீட்டிலும் கொடுத்துவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்குள் போனேன். அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அத்தே, ஒண்ணும் இல்ல! டிஸ்ஸே இல்ல!"

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ரிப்போர்ட்டை வாங்கினாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லா தேடுனியா?"

"ரெண்டு வாட்டி."

"ஆமாடீ. டிஸ் இல்ல."

ரிப்போர்ட்டை மடித்து அரிசி டின்னுக்கு மேலே வைத்தாள். ஒரு லட்டை எடுத்து, ஒரு பூந்திகூடக் கீழே சிந்தாமல் முழுசாகச் சாப்பிட்டாள். டாக்டரிடம் எப்போ போறோம் என்று கேட்டேன். "சாருக்கு இந்த வாரம் பல்லு கட்டுறாங்க. போவலாம், இன்னா அவசரம்?" ஒன்றும் இல்லைதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் தினமும் அபிராமபுரம் போய்வந்தாள். மூன்றாவது வாரக் கடைசியில் முதல் மாடியிலேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். மீன்கார அக்காவும் நானும் தாங்கி ஆட்டோவில் ஏற்றினோம்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், மேலே இருந்த தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இத்தனை நாள் எங்கம்மா போயிருந்தீங்க?"

"அவள ஒண்ணும் சொல்லாதீங்க டாக்டர். நான்தான் வர்ல."

டாக்டர் அந்த வார்த்தையை எனக்குக் காட்டினார். மெட்டாஸ்டாஸிஸ். ஒரு இடத்தில் இருந்த கேன்சர் அங்கேயே நிற்காமல் வேறு வேறு இடத்துக்குக் குடி போய்விடுவது என்றார். முதல் பக்கத்தில் இரண்டு இடத்திலும் அடுத்த பக்கத்தில் ஒரு இடத்திலும் இருந்தது. பஸ் ஸ்டாப்பில் அந்த மூன்று இடத்தின் மேலும் என் விரல் போயிருக்கிறது. மூணு வாரம் முன்னாடி வந்திருந்தா, என்று கேட்டேன். "பெருசா ஒண்ணும் மாறியிருக்காதும்மா" என்றார். அந்த "பெருசா"வைத்தான் இன்னும் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"உனக்குத் தெரியுமா அத்தே?"

"தெரியும்."

"எப்போ?"

"நீ பேப்பர் குடுத்தப்பவே. அடையார்ல ஒரு அம்மாவ பாத்துக்கினு இருந்தேனே, அவங்க சீட்டுல அதே வார்த்த."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் குழாயடில நின்னு பேர் சொன்னியே! எங்கிட்ட சொல்ல இன்னா வந்துது உனக்கு? பேர் சொல்லாம மூடி வெச்சா அழுவிப் போயிடும்னு நீதானே சொன்ன?"

அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ லட்டோட வந்து நின்னடீ. மாடி ஃபுல்லா குடுத்துட்டு வந்து நின்ன. உங்கப்பன் போனதுலேர்ந்து உன் மூஞ்சி அப்பிடி இருந்து நான் பாக்கல. வாய தொறந்தேன். வர்ல."

என் கையை விடாமலே மேலும் சொன்னாள்.

"அது வேற டப்பாடீ. எம், ஈ, டி, ஏ. மூடில எழுதியிருந்துது. நான்தான் தூக்கினு போயி கடையில போட்டேன். எட்டுலயும் அதான் கனம்."

சிரித்தாள். நான் கையை இழுத்துக்கொண்டேன். அதற்காக இப்போது தினமும் வருத்தப்படுகிறேன்.

ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் இருந்தாள். கட்டில் காலில் கேஸ் ஷீட் தொங்கும். காலையில் டாக்டர் எழுதிவிட்டுப் போனதும் நான் எடுத்துப் பார்ப்பேன். முதலில் டிஸ்ஃபேஜியா வந்தது. இட்லியைத் தண்ணீரில் கரைத்துக் கரண்டியில் கொடுத்தேன். அப்புறம் டிஸ்ப்னியா வந்தது. மூச்சுக்குக் கஷ்டம். மூக்கில் குழாய் வைத்தார்கள். பேச்சு குறைந்துவிட்டது, ஆனால் நான் ஷீட்டைத் தொடுகிற சத்தம் கேட்டால் கண்ணைத் திறப்பாள்.

"டிஸ் கீதா?"

"கீது அத்தே."

"அப்போ சரி."

ஒவ்வொரு நாளும் இதேதான். நானும் அந்த மூன்று எழுத்து இருக்கவேண்டுமே என்று வேண்டிக்கொண்டு ஷீட்டைத் திருப்ப ஆரம்பித்தேன். கஷ்டம் என்று எழுதியிருந்தால் நடக்கிறது என்று அர்த்தம்.

இருபதாவது நாள் காலையில் நர்ஸ் என்னைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு தாளைக் கொடுத்தார். வராந்தாவில் நின்று விரலை வைத்துப் படித்தேன். மறுபடியும் மேலேயிருந்து படித்தேன். அதில் டிஸ் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அத்தையின் டிபன் பாக்ஸும் மாற்றுப் புடவையும் அங்கே இருக்கின்றன என்று அபிராமபுரம் போனேன். மாமி கதவைத் திறந்து என்னைக் கட்டிக்கொண்டார். இதுவரை அந்த வீட்டில் யாரும் என்னைத் தொட்டதில்லை.

"புதுசா ஒருத்தி வரா. சமத்துதான். ஆனா இவர் அவகிட்ட வாயே திறக்கறதில்ல. மறுபடி ஃபேனைப் பாத்துண்டிருக்கார்." குரலைக் குறைத்தார். "அவர்கிட்ட இன்னும் சொல்லலடி. ஊருக்குப் போயிருக்கா, வந்துடுவான்னு சொல்லி வெச்சிருக்கேன். நீயும் அப்படியே சொல்லிடு."

சரி என்று தலையாட்டினேன்.

சார் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். யாரும் வரவில்லை. மறுபடி என்னைப் பார்த்தார். ஊருக்குப் போயிருக்காங்க சார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எந்த ஊர்? எங்களுக்கு ஏது ஊர்? சைதாப்பேட்டைதான் எங்கள் ஊர்.

"அத்த செத்துட்டாங்க சார்," என்றேன். "கேன்சர். மெட்டாஸ்டாஸிஸ்."

மாமி "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டார். சார் அந்த வார்த்தைக்கும் தன் கையால் அட்டை எழுதியவர். அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் கழித்து இடது கை மெல்ல நகர்ந்து, தலையணைப் பக்கத்தில் இருந்த செருப்பு டப்பாவைத் தொட்டது.

நான் முன்னால் இருந்த அட்டையை எடுத்தேன். அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். அதில் என்ன வார்த்தை என்று நான் பார்க்கவில்லை. சாரும் அட்டையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். வாய் ஒரு பக்கம் இழுத்தது. கழுத்து நரம்பு புடைத்தது. ஏதோ சொல்ல வந்தார். முதல் எழுத்திலேயே நின்று, திரும்பத் திரும்ப அங்கேயே மோதினார். கண்ணிலிருந்தும் வாயிலிருந்தும் ஒன்றாக வழிந்தது.

"போறும், விட்டுடுடி," என்று மாமி அழுதார். "கஷ்டப்படறார்."

"கஷ்டப்படுறாருன்னா வருதுன்னு அர்த்தம் மாமி. இருங்க."

இடது கையால் அவர் வாயைத் துடைத்தேன். வலது கையில் இருந்த அட்டையை இறக்கவில்லை. நிற்பது எனக்குப் பழக்கம்தான்.